மோட்டாருக்கு ஒரு சட்டை

கருவிக்குள் தவளை உட்கார்ந்திருந்தது.

சிங்காரவேலு அந்தப் பழைய டிபன் பாக்ஸை மருமகளின் தையல் மெஷின் மேல் வைத்து, மூடியைத் திறந்து காட்டினார். பச்சைச் சர்க்யூட் பலகையின் நடுவில், வயர்களுக்கு இடையே, நேற்றுப் பதவியேற்ற தலைவர் மாதிரி அது கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தது.

“உன் புருசன் செஞ்ச மிசினு. உள்ள ஆள் வேற போட்டு அனுப்பியிருக்கான், பாரு.”

பிரகதீஸ்வரி பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தாள். “மூடி சரியா மூடலை மாமா. அதான் வந்துருக்கு.”

“சோத்துப் பொட்டியில மிசினை வச்சா தவளை வராம தாசில்தாரா வருவாரு?”

தவளையைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தாள். கோபம் தவளை மேல் இல்லை, டிபன் பாக்ஸ் மேல்தான்.

மதிவாணன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். வேலை முடிந்தால் அறையில் மற்றவர்கள் சீட்டாடுவார்கள். இவன் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவான். போன லீவில் வந்தபோது அப்பாவுக்காகச் செய்ததுதான் இந்தக் கருவி. வயலுக்கு மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்காது. போர்வெல் கொட்டகையோ வாய்க்காலைத் தாண்டிப் போகவேண்டிய தூரத்தில். சிங்காரவேலு அங்கேயே கட்டிலைப் போட்டு, ஸ்டார்ட்டர் பலகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பல்பும் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடப்பார். இனி அது வேண்டாம். கரண்ட் வந்தால் கருவியே அவர் போனுக்கு மிஸ்டு கால் கொடுத்துவிடும்.

சிங்கப்பூருக்குக் கிளம்புகிற அவசரத்தில் மதிவாணன் அதை டிபன் பாக்ஸில் திணித்துக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். மறுநாளே சிங்காரவேலுவின் பட்டன் போன் ஒரு தடவை ஒலித்து அடங்கியது. தெரியாத எண். எதற்கும் இருக்கட்டும் என்று கொட்டகைக்கு ஓடிப் பார்த்தார். மூன்று பல்பும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. திரும்பி வந்து மருமகளிடம் போனை நீட்டி, அந்த எண்ணை ‘மோட்டார்’ என்று பதியச் சொன்னார்.

அன்றிலிருந்து டீக்கடையில் பேச்சை முறித்துக்கொண்டு எழுவதற்கு அவருக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது. “இருங்கப்பா, மோட்டார் கூப்பிடுது.”

ஊரில் நாலைந்து பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். இதைக் கேட்டதும் மதிவாணனுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. “நான் ஊருக்கே வந்துடுறேன்பா. இதையே செஞ்சு வித்துப் பொழைச்சுக்கலாம்.”

சிங்காரவேலு சுலபத்தில் மசியவில்லை. “நெல்லுல கதிர் வர்ற வரைக்கும் அது ஒழுங்கா கூப்பிடட்டும். அப்புறம் வா. ஒரு பொட்டிகூட இல்லாத சாமானை நம்பிச் சம்பளத்தை வுடுவியா?”

பிரகதீஸ்வரிக்கு இது வெறும் பெட்டி விஷயம் அல்ல. கல்யாணமாகி அவளும் அவனும் சேர்ந்து அதிகம் சுற்றிப் பார்த்த இடம் திருச்சி விமான நிலையம்தான்.

அன்று சாயங்காலம் போனில் கேட்டாள். “என்னங்க, பொட்டி எங்க கிடைக்கும்?”

“கடையில கிடைக்காது. அந்தப் பலகைக்குன்னே கம்ப்யூட்டர்ல வரையணும். வரைஞ்சு குடுத்தா தஞ்சாவூர்ல பிளாஸ்டிக்ல அச்செடுத்துத் தர்றாங்க. எனக்குத்தான் நேரம் இல்ல.”

“நான் வரையிறேன்.”

“ஈஸ்வரி, அது கேட்னு ஒரு சாஃப்ட்வேர். இன்ஜினீயருங்க பண்றது.”

“அளவெடுத்து வெட்டுறதுதானேங்க? நான் என்ன, வருசம் பூரா சமையலா பண்ணிக்கிட்டிருக்கேன்?”

திருவையாற்றுக் கடைத்தெருவில் கேட்டால் சொல்வார்கள், இந்தப் பக்கத்தில் நல்ல ஜாக்கெட் தைப்பவள் அவள்தான் என்று. மதிவாணன் விட்டுப்போன பழைய லேப்டாப்பை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். இலவச சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கிக்கொண்டாள். பாடம் நடத்திய வீடியோவில் ஒருவன் இந்தியில் பேசினான். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு அம்புக்குறி போகிற வழியை மட்டும் பார்த்தாள். சுலபமாகப் புரிந்தது.

திரையில் ஒரு கட்டம் வரைந்து, மேலே இழுத்ததும், தட்டையாகக் கிடந்தது விறுக்கென்று எழுந்து பெட்டியாக நின்றது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

“மாமா! இங்க வந்து பாருங்களேன்! எந்திரிச்சு நிக்குது!”

“எது? தவளையா?”

மௌஸை அசைத்தால் பெட்டி சுழன்றது. அடியைக் காட்டியது, முதுகைக் காட்டியது. ட்ரயல் பார்க்க வருகிறவர்களைத் திரும்பி நில்லுங்கள் என்று நாலு தடவை சொல்லவேண்டும். இது சொன்னவுடன் திரும்புகிறது! பாதி வரைந்துவிட்டு ‘மிரர்’ என்று ஒன்றை அமுக்கினால் மறுபாதி தானாக வந்தது. துணியை மடித்துப் போட்டு வெட்டுகிற அதே வித்தை. மூலைகளை உருட்டிவிட ஒரு கருவி. கழுத்து வளைவு மாதிரி எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். அன்றைக்கு உலையில் போட்ட அரிசி குழைந்து கஞ்சியாயிற்று. சிங்காரவேலு அதைக் குடித்துவிட்டு, உடம்புக்கு நல்லது என்றார்.

டேப்பால் பலகையை அளந்தாள். நீளம் நாலு. நாலு என்று போட்டு ஃபைலை அனுப்பிவைத்தாள்.

தஞ்சாவூரில் அச்சுக்கடை வைத்திருந்த ஜாபிருக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். துபாயிலிருந்து ஒரு முப்பரிமாண அச்சு மெஷினோடு திரும்பியவன். ஊரை மாற்றப்போகிறேன் என்று கடை திறந்தான். இதுவரை பெயர் போட்ட சாவிக்கொத்துதான் அச்சடித்துக்கொண்டிருக்கிறான்.

“அக்கா, உங்க பொட்டி ரெடி. ஆனா மெஷின்லேருந்து எடுத்து வச்சேன், தும்மினேன், காணோம்.”

“என்ன தம்பி சொல்றீங்க?”

“நாலு மில்லிமீட்டர்ல வரைஞ்சிருக்கீங்க. எறும்புக்கு ஏதும் வீடு கட்டுறீங்களா?”

டேப்பைத் திருப்பிப் பிடித்து மில்லிமீட்டரில் மறுபடி அளந்தாள். இந்த முறை நல்ல ஜாக்கெட் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி, உடம்போடு ஒட்டினாற்போல் வரைந்தாள். அச்சாகி வந்த பெட்டியில் பலகை நுழையவே இல்லை. பிளாஸ்டிக்குக்குத் துணி மாதிரி இழுத்துக் கொடுக்கும் குணம் கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்ததில், வழக்கம்போல், பிற்பாடு உடம்பு பெருத்தால் பிரித்துவிட வசதியாகப் பக்கத்துக்கு அரை இஞ்சு லூஸ் விட்டாள்.

ஜாபிர் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது. “அக்கா, சர்க்யூட்டு என்ன, பிள்ளை பெத்து உடம்பு பெருக்கவா போகுது? எதுக்கு இவ்வளவு இடம்?”

“பழக்கம் தம்பி.”

“உள்ள நாலு மூலையிலயும் தூண் மாதிரி வரைங்க. அதுல ஸ்க்ரூ போட்டு நிறுத்திடலாம்.”

தூண்! அவள் பஸ்ஸிலேயே நோட்டில் வரைய ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து ஒரு தூணை எழுப்பி, அதை மிரரில் நாலாக்கிக்கொண்டிருந்தபோதுதான் அம்சம் வந்தாள்.

அம்சத்தின் குத்தகை வயல் சிங்காரவேலுவின் வாய்க்காலுக்குக் கடைசியில் இருக்கிறது. இவர் மோட்டார் போட்டால்தான் அவளுக்கும் தண்ணீர். அதனால் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை கொட்டகையைப் பார்த்த வரப்பில்தான் இருப்பாள்.

“ஏ ஈஸ்வரி, இதுக்கும் ஒரு சட்டை தச்சுக் குடேன்.” இடுப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்து நீட்டினாள். “மக திருப்பூர்லேருந்து வாங்கியாந்து குடுத்துச்சு. சேத்துல வுழுந்துட்டா அவ என்னைச் சேத்துல பொதைச்சுருவா.”

“குடுங்க அத்தை.” கண் திரையில் இருக்க, கை ஒரு ஜாக்கெட் பிட்டை எடுத்து உறை தைத்தது. வாய் குறுகலாக, இரண்டு கொக்கி வைத்து, இறுக்கமாக.

“அது என்ன சினிமாவா?”

“பொட்டி அத்தை. மோட்டாருக்கு.”

“அது எதுக்கு, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு அம்சம் உறையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

தூண் வைத்த பெட்டி கச்சிதமாகப் பொருந்தியது. சிவப்புப் பெட்டி, வெள்ளை மூடி. கொட்டகையில் மாட்டிவிட்டு, போட்டோ எடுத்து மதிவாணனுக்கு அனுப்பினாள். “கப்பல்ல மாட்டலாம் போல இருக்கே!” என்று பதில் வந்தது. அதை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் சிங்காரவேலு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். “மோட்டார் கூப்பிடறதுக்கு முன்னாடியே பக்கத்து வயல் வைரக்கண்ணு போர் ஓட ஆரம்பிச்சிருச்சு. நம்மது அரை மணி லேட்டு. சட்டை போட்டதும் உங்காளுக்குச் சோம்பேறித்தனம் வந்துருச்சு.”

அவள் உடனே மதிவாணனைக் கூப்பிட்டாள். போனில் மதிவாணன் யோசித்தான். “சுவர் தடிமனா வச்சியா? சிக்னல் வெளிய வரக் கஷ்டப்படுதோ என்னவோ. ஆமா, எத்தனை ரிங் விடுது?”

“ஒண்ணே ஒண்ணு. டக்குன்னு கட் ஆயிடும்.”

“ஒண்ணா? நான் அஞ்சு ரிங் வச்சேனே.”

“பொட்டிக்குள்ள அடைச்சு வச்சா எவனுக்குத்தான் வளவளன்னு பேசத் தோணும்?” என்றார் பின்னாலிருந்து சிங்காரவேலு.

அவள் அதைக் காதில் வாங்காமல் சுவரை மெலிதாக்குவதில் இறங்கினாள். நாலு பக்கமும் ஜன்னல் வைத்தாள். வெறும் ஓட்டையாக இருக்கவேண்டாம் என்று ஜாக்கெட் முதுகில் வைக்கிற மாதிரி மாங்காய் வடிவ ஜன்னல். நடுவில் அம்சம் வந்து உறையை நீட்டினாள். “கொக்கியைக் கழட்டுறதுக்குள்ள பொழுதே போயிருது. லூஸ் பண்ணிக் குடு.” பிரகதீஸ்வரி பேசிக்கொண்டே கொக்கிகளைப் பிய்த்தெறிந்து, வாயை அகலப்படுத்திக் கொடுத்தாள்.

மாங்காய் ஜன்னல் பெட்டியைக் கையில் வாங்கியதும் ஜாபிர் அசந்துபோனான். “மாஷா அல்லாஹ்! அக்கா, இதைக் கல்யாண வீட்ல தாம்பூலத்துக்கே குடுக்கலாம்.”

அது மாட்டிய பிறகு மோட்டார் தாமதம் செய்யவில்லை. கூப்பிட்டுத் தள்ளியது. சிங்காரவேலு சாப்பாட்டில் கையை வைத்தார், கூப்பிட்டது. ஓடினார், பல்பு ஒன்றும் எரியவில்லை. திரும்பிவந்து ரசம் ஊற்றினார், கூப்பிட்டது. ஓடினார். மோர் ஊற்றும்போது கூப்பிட்டபோது, தட்டையும் எடுத்துக்கொண்டே ஓடினார்.

“ஈஸ்வரி, நேத்து சோம்பேறி, இன்னைக்குப் பைத்தியம். என்னம்மா சட்டை தச்சே?”

எறும்புதான், சந்தேகமே இல்லை என்றான் மதிவாணன். ஜன்னல் வழியாக உள்ளே போய்ப் பலகைமேல் ஊர்கிறது. ஜன்னலுக்கு வலை வேண்டும். பிளாஸ்டிக்கிலேயே வலை வரைவது எப்படி என்று அவள் கற்றுக்கொண்டாள். ஒரு துளையை வரைந்து, இத்தனை வரிசை, இத்தனை பத்தி என்று சொன்னால் மொத்த வலையும் தானாக விரிந்தது. எம்பிராய்டரிக்காரியை வைத்து ஒரு வாரம் செய்யவேண்டிய வேலை! சந்தோஷத்தில் தொடையைத் தட்டிக்கொண்டாள்.

அம்சம் அன்றும் வாசலில் நின்றாள். அவள் நடவு வயலிலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கால்வரை சேறு. “ரொம்ப லூசாப் போச்சுடி. குனிஞ்சா உள்ளயே உருளுது.”

“இருங்க அத்தை, ஒரு டிச் பட்டன் வச்சுடுறேன். அமுக்குனா மூடிக்கும்.”

வலைப்பெட்டி மாட்டியதும் மோட்டார் வாயே திறக்கவில்லை.

முதல் நாள், கரண்ட் வரவில்லை என்று நினைத்தார்கள். அடுத்த நாள் வைரக்கண்ணுவின் வயலில் தண்ணீர் தளும்பியது. இவர்கள் வயலில் நட்ட பயிரின் காலடி மண் வெடிக்க ஆரம்பித்தது. சிங்காரவேலு கட்டிலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார்.

வாசலில் நின்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார். “அவனை அங்கயே இருக்கச் சொல்லும்மா. இது ஆவாது.”

பிரகதீஸ்வரி மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். வலை சிக்னலைத் தடுக்கிறது. ஆன்டெனா வெளியே இருந்தால்? அதற்கு ஒரு குழாய், மழை இறங்காமல் குழாய்க்கு ஒரு குடை, குடைக்கு ஒரு கழுத்துப்பட்டை. இதுவரை படித்தது அத்தனையும் ஒரே பெட்டியில் இறங்கியது. விளக்கு வைக்கும் முன் ஃபைல் ஜாபிருக்குப் போய்விட்டது.

அவனும் மறுநாள் சாவிக்கொத்து வேலையையெல்லாம் நிறுத்திவிட்டு அதை அச்சடித்தான். “அக்கா, இது மட்டும் வேலை செஞ்சா என் கடை போர்டுல இதான் படம். இன்ஷா அல்லாஹ்.”

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். புது பஸ் ஸ்டாண்டில் அம்சம் கட்டைப் பையோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்க அத்தை ஆளையே காணோம்?”

“கீழ்வேளூர்ல தங்கச்சி மக கல்யாணம். வுடமாட்டேங்குறாங்க. இங்க என் வயலு என்ன கதியில கெடக்கோ. மடியில என்னடி, புதுப் பொட்டியா? இந்தா, லட்டைத் தின்னு. நல்லதே நடக்கும்.”

மறுநாள் காலையில் பெட்டியை மாட்டி, கடைசி ஸ்க்ரூவைத் திருகிவிட்டு வீட்டுக்கு வந்தாள். காலைக் கழுவுவதற்குள் சிங்காரவேலுவின் சட்டைப் பையில் போன் ஒலித்தது. ஒரே ரிங்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மோட்டார்தான்!” என்று கத்திக்கொண்டே ஓடினார். இந்த வயதில் அவர் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. கொட்டகையிலிருந்து துண்டை வீசிக் காட்டினார். மூன்று பல்பும் எரிகின்றன!

அதன்பிறகு தவறு என்பதே இல்லை. மழையில் கூப்பிட்டது, வெயிலில் கூப்பிட்டது. பயிர் பச்சை கட்டி, தண்டு பருத்துக் கதிர் தள்ளியது. பால் பிடிக்கிற நேரத்தில் சிங்காரவேலுவே வாயைத் திறந்தார். “ஊர்க்காரங்க பாக்கணுங்குறாங்க. எல்லாரையும் கொட்டகைக்கு வரச்சொல்லு. அவனையும் போன்ல கூப்பிடு. சொல்ல வேண்டியதைச் சொல்லிடுறேன்.”

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை முன்னால் கூட்டம் கூடியது. பிரகதீஸ்வரி கேசரி கிளறி எடுத்து வந்திருந்தாள். வைரக்கண்ணு, தனக்கும் ஒன்று கேட்டிருந்த துரைராசு, கேசரி வாசனைக்கு அம்சம், தன் கடை விளம்பரத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து ஜாபிர். சிவப்புப் பெட்டிக்குப் பொட்டுகூட வைத்தாயிற்று. பிரகதீஸ்வரியின் போனில், வீடியோவில் மதிவாணனின் முகம்.

“என் மருமக வரைஞ்ச பொட்டி” என்று சிங்காரவேலு கூட்டத்துக்குச் சொன்னார். “கரண்ட் வந்த நிமிசம் இந்தப் போன் அடிக்கும். பாத்துக்கிட்டே இருங்க.”

உள்ளங்கையில் பட்டன் போனை வைத்துக் கற்பூரத் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றார்.

வீடியோவில் மதிவாணனுக்கு அடக்கமுடியவில்லை. “அப்பா, உங்க வாயால கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். வேலையை விட்டுட்டேன். டிக்கெட்டும் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை வர்றேன்!”

பிரகதீஸ்வரி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மதிவாணன் இருட்டுக்குள்ளிருந்து “ஹலோ, ஹலோ” என்றான்.

அந்த நேரத்தில் சிவப்பு பல்பு எரிந்தது. மஞ்சள் எரிந்தது. நீலமும் எரிந்தது.

கூட்டம் கைதட்டியது. எல்லாக் கண்களும் சிங்காரவேலுவின் உள்ளங்கைக்குப் போயின.

போன் பேசாமல் கிடந்தது.

“வரும், வரும்” என்றார் சிங்காரவேலு.

கேசரி ஆறியது. ஜாபிர் பெட்டியின் ஆன்டெனாவை மெல்ல நிமிர்த்தினான். துரைராசு தொண்டையைச் செருமினார். வைரக்கண்ணு, தன் மோட்டாரைப் போடப் போகட்டுமா என்று கேட்டார். பிரகதீஸ்வரியின் மனசுக்குள் பெட்டி சுழன்றது. அடியைக் காட்டியது, முதுகைக் காட்டியது. எங்கே தப்பு? சுவரா, வலையா, குடையா?

“என்னாச்சு? அடிச்சுதா?” என்றது மதிவாணனின் குரல்.

எல்லாருக்கும் பின்னால் நின்று கேசரியை வழித்துத் தின்றுகொண்டிருந்த அம்சம், விரலை நக்கிவிட்டு, இடுப்பிலிருந்த துணி உறையின் டிச் பட்டனைப் பட்டென்று திறந்தாள்.

“ஏண்ணே, நீங்களே கொட்டகையில நின்னு பல்பைப் பாத்துக்கிட்டிருக்கீங்க, இன்னைக்கும் உங்களுக்கு நான் மிஸ்டு கால் குடுக்கணுமா என்ன?”